பட்டுச் சேலையில் மேற்கத்திய கவுன்: கரையை முதலில் வைத்து வெட்டும் முறை

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் தையலறைக்கு வேலை பழக வருகிறவர்களில் சிலர் ரவிக்கை தைப்பதில் கைதேர்ந்தவர்கள். வேறு சிலர் மேற்கத்திய உடைகளின் வெட்டை முறையாகப் படித்தவர்கள். இரு சாராருமே ஒரு காஞ்சிபுரம் சேலையைக் கவுனாக மாற்றும் வேலையில் ஒரே இடத்தில் தடுமாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மனத்தில் இருக்கும் கவுனை முதலில் தாளில் வரைந்துவிட்டு, பிறகு சேலையை அந்தப் படத்துக்குள் அடக்கப் பார்க்கிறார்கள். சேலையின் கரையும் முந்தியும் நேர்கோட்டில் நெய்யப்பட்டவை. மேற்கத்திய வெட்டோ வளைவுகளால் ஆனது. எந்த இடத்தில் நேர்கோடு நிற்க வேண்டும், எந்த இடத்தில் வளைவு வரலாம் என்பதைச் சேலையைப் பார்த்துத் தீர்மானித்த பிறகே படம் வரைய வேண்டும்.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வது, கல்யாண விருந்துக்கு அணியும் ஒரு கவுன்: இடுப்புக்கு மேலே உடலோடு பொருந்தி, இடுப்புக்குக் கீழே பெட்டி மடிப்புகளோடு (இருபுறமும் துணி அடியில் மடிந்து, முகம் தட்டையாக நிற்கும் மடிப்பு) விரிந்து, முழங்காலைத் தாண்டி இறங்குவது. மார்பு 92 செ.மீ., இடுப்பு 76 செ.மீ., பிட்டம் 102 செ.மீ., பாவாடைப் பகுதியின் நீளம் 72 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் வாடிக்கையாளரின் அளவு வேறாக இருந்தாலும் கணக்கின் முறை இதுவே.

1. கத்தரி எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முன்னோட்டமாகத் தைத்துப் பார்க்கக் காடா துணி 3 மீட்டர், உள்துணியாக மெல்லிய பருத்தி வாயில் (voile) துணி இரண்டரை மீட்டர், மேலுடலின் பட்டுக்கு அடியில் சேர்த்துத் தைக்க மல் துணி ஒன்றரை மீட்டர், வெளியே தெரியாத வகை ஜிப் 56 செ.மீ., 70-ஆம் 75-ஆம் எண் ஊசிகள் புதியனவாக, மெல்லிய குண்டூசிகள், மெல்லிய பாலியெஸ்டர் நூல், பெரிய தாள்கள், இஸ்திரியின்போது மேலே விரிக்க ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டு ஆகியவை வேண்டும். துணிகள் அனைத்தும் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலும் மஸ்ஜித் இந்தியா பகுதியிலும் கிடைக்கும்.

உள்துணியாகப் பளபளக்கும் பாலியெஸ்டர் சாட்டினை வாங்காதீர்கள். பகலில் 32, 33 டிகிரி வெப்பமும் ஈரக்காற்றும் உள்ள கோலாலம்பூரில், பட்டுக்குக் கீழே பாலியெஸ்டர் இருந்தால் வியர்வை வெளியேற வழியின்றி உடம்போடு ஒட்டும். அந்த ஈரம் பட்டுக்கும் சரிகைக்கும் போய்ச் சேரும். பருத்தி வாயில் வியர்வையைத் தான் உறிஞ்சிக்கொண்டு பட்டைக் காப்பாற்றும். ஆனால் பருத்தி சுருங்கும் என்பதால், வாயிலையும் மல் துணியையும் வெட்டுவதற்கு முன்பே நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு வைத்துவிடுங்கள்.

2. சேலை தாங்குமா என்று பார்த்தல்

பெரும்பாலும் வருவது அம்மாவின் சேலை. சில வேளை பாட்டியின் சேலை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி தையலைப் பற்றியது அன்று: சேலைக்கு உரியவர் வெட்டுவதற்குச் சம்மதித்திருக்கிறாரா என்பதே. மகள் ஆசையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன பிறகு, அவருடைய அம்மா தொலைபேசியில் அழைத்துக் கண்கலங்கியதைக் கேட்டிருக்கிறேன். வெட்டிய சேலையை மீண்டும் சேலையாக்க முடியாது. ஆகவே அம்மாவோடு ஒரு முறை பேசிய பிறகே நான் வேலையை ஏற்கிறேன்.

அடுத்து, கீழ்க்கரையின் உட்புறம் தைத்திருக்கும் ஃபால்ஸ் துணிப்பட்டையைப் பிரித்தெடுங்கள். அதற்குள் குதிகால் பட்ட அழுக்கும் கிழிசலும் மறைந்திருக்கும். சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு முழம் ஒரு முழமாக நகர்த்திப் பாருங்கள். பல வருடம் ஒரே மடிப்பில் அலமாரியில் இருந்த பட்டு, மடிப்புக் கோட்டில்தான் முதலில் நைந்துபோகும். அந்தக் கோடுகள் சம இடைவெளியில் வரும். ஒவ்வொரு கோட்டின் இருபுறத்தையும் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழைகள் விலகி ஒளி தெரிந்தால் அந்த இடம் உடலோடு இறுகும் மேற்பகுதிக்கு உதவாது. லேசாகத்தான் விலகுகிறது என்றால் பாவாடையின் உள்மடிப்பில் போகலாம். சரிகை மடிப்பில் ஒடிந்திருந்தாலும் இதே முறைதான்.

காஞ்சிபுரம் சேலையைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம். உலர் சலவைக்குக் கொடுத்து வாங்கி, அகலமான கம்பியில் இரண்டு நாள் தொங்கவிட்டால் பழைய மடிப்புகள் ஓரளவு தளரும். சலவையை வெட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தைத்து முடித்த பிறகு முதல் சலவையில் பட்டு மாறினால், உள்துணிக்கும் பட்டுக்கும் இடையே நீளம் பொருந்தாமல் போய்விடும்.

3. சேலைக்கு ஒரு வரைபடம்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தாம் பாதி வேலையில் துணி போதாமல் நிற்கிறார்கள். சேலையை நீளமான மேசையிலோ துடைத்த தரையிலோ விரித்து, மொத்த நீளம், அகலம், மேல்கரை, கீழ்க்கரை, முந்தி, ரவிக்கைத் துண்டு எல்லாவற்றையும் அளந்து, பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு தாளில் வரையுங்கள். சேலை ஏறக்குறைய 5.5 மீட்டர் இருக்கும். அகலம் 110 முதல் 120 செ.மீ. வரை மாறும். இரண்டு கரையும் ஒரே அகலம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பக்கம் பெரிய கரையும் மறு பக்கம் சிறிய கரையும் உள்ள சேலைகள் நிறைய உண்டு.

நைந்த மடிப்புகள், கறைகள், ஃபால்ஸ் பிரித்த ஊசித் துளைகள் ஆகியவற்றைச் சிவப்பு மையால் அதே படத்தில் குறியுங்கள். புட்டாக்கள், அதாவது சேலையின் உடலில் நெய்த தனித்தனி உருவங்கள், இருந்தால் அவற்றின் தலைப்பக்கம் எது என்று அம்புக்குறி இடுங்கள். மாங்காயோ மயிலோ தலைகீழாக நிற்பது வெட்டிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

4. கரை எங்கே நிற்கும் என்று முடிவு செய்தல்

கரை, சேலையின் நீளவாக்கில், பாவு எனப்படும் நெடுக்கு இழைகளோடு ஓடுகிறது. கவுனின் அடியில் கரை படுக்கைவாக்கில் வர வேண்டுமானால், சேலையின் அகலமே பாவாடையின் நீளமாகும். ஆகவே பாவாடையின் நீளத்துக்கு இயற்கையான எல்லை ஒன்று உண்டு: சேலையின் அகலத்தைத் தாண்ட முடியாது. நம் எடுத்துக்காட்டில் 72 செ.மீ. நீளமும் இடுப்புத் தையலுக்கு 2.5 செ.மீ. விளிம்பும் சேர்ந்து 74.5 செ.மீ. போதும், 115 செ.மீ. அகலமுள்ள சேலையில் அதற்கு மேலே 40.5 செ.மீ. பட்டை ஒன்று மேல்கரையோடு மிஞ்சுகிறது. அதைக் குப்பை என்று நினைக்காதீர்கள். கைகள் அதிலிருந்துதான் வரப்போகின்றன. அடிவிளிம்பு சேலையின் ஓரமே என்பதால் மடித்துத் தைக்க வேண்டியதும் இல்லை. அங்கே கத்தரி படக்கூடாது. நீளத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இடுப்புப் பக்கத்தில்தான் நடக்க வேண்டும்.

இப்போது பெரிய தவற்றுக்கு வருகிறேன். வட்டப் பாவாடையின் அடிவிளிம்பு ஒரு வில். நேராக நெய்த கரை வில்லாக வளையாது. சரிகை இழுபடாது, சுருங்கவும் சுருங்காது. கரையை வெட்டியெடுத்து வளைந்த விளிம்பில் ஒட்டவைத்துத் தைத்தால் மேல் ஓரம் சுருக்கம் கொள்ளும், கீழ் ஓரம் உள்ளே சுருண்டுகொள்ளும், எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அது அடங்காது. ஆகவே கரையை அடியில் வைக்க விரும்பினால் பாவாடை ஒரு செவ்வகத் துண்டாகவே இருக்க வேண்டும். விரிவு மடிப்பிலிருந்து வர வேண்டும். சேலைக் கட்டில் கொசுவம் செய்வதையே இங்கே பெட்டி மடிப்பு செய்கிறது. நேரான துணியை வெட்டாமல் உடலுக்கு ஏற்ப அகலம் கொடுக்க நம்மவர்கள் கண்ட வழி அதுதானே!

மடிப்புக் கணக்கு இப்படி. இடுப்பு 76 செ.மீ., அசைவுக்கு 2 செ.மீ. சேர்த்து 78 செ.மீ. ஒவ்வொரு மடிப்பின் முகமும் 6 செ.மீ. என்றால் 13 மடிப்புகள். முழு ஆழமுள்ள பெட்டி மடிப்புக்கு முகம் 6, உள்ளே செல்வது இரு பக்கமும் சேர்த்து 12, ஆக 18 செ.மீ. வேண்டும். 13 மடிப்புக்கு 234 செ.மீ., இரு ஓரத் தையலுக்கு 5 செ.மீ., மொத்தம் 239 செ.மீ. மடிப்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பது முக்கியம்: அப்போதுதான் முன் நடுவில் ஒரு மடிப்பு முழு முகத்தோடு நிற்கும், பின் நடுவில் இரண்டு மடிப்புகள் சந்திக்கும் பிளவு வரும். அந்தப் பிளவுக்குள் பின் தையலையும் ஜிப்பையும் மறைத்துவிடலாம்; கரையின் வடிவம் தையலில் பொருந்தவில்லை என்ற கவலையும் அதனோடு தீரும்.

கனமான காஞ்சிபுரம் பட்டில் இந்த முழு ஆழம் இடுப்பில் மூன்றடுக்காகத் திரண்டு, அணிகிறவரை உள்ளதைவிடப் பருமனாகக் காட்டும். அப்படிப்பட்ட சேலையில் மடிப்பின் ஆழத்தைப் பாதியாக்குங்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் 12 செ.மீ. என்றாகி, 156 செ.மீ. துணியும் தையல் விளிம்பும் போதும். பிட்டத்தின் 102 செ.மீ. அளவுக்கு அதுவே தாராளம்.

மடிப்பே வேண்டாம், ‘ஏ’ வடிவத்தில் சீராக விரிய வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் வழி உண்டு. பாவாடையைப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் அடியையும் நேராகவே விட்டு, விரிவைப் பக்கவாட்டுத் தையல்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். 72 செ.மீ. நீளத்தில் ஒரு பக்கத்துக்கு 5 செ.மீ. விரித்தால், பக்கத் தையல் நடுக்கோட்டைவிட 2 மி.மீ. அளவுக்கே நீள்கிறது, கண்ணுக்குத் தெரியாது. 12 செ.மீ. விரித்தால் 1 செ.மீ. நீளும், அடிவிளிம்பு ஒவ்வொரு தையலிலும் கூராகத் தொங்கும். விரிவு கூடுதலாக வேண்டுமென்றால் பட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஒரு பட்டையின் விரிவைக் கூட்டாதீர்கள். ஆறு பட்டையில் இதைச் செய்கிறவர்கள் பிட்டத்தை மறந்துவிடுவதும் உண்டு: இடுப்பிலிருந்து நேர்கோட்டில் 5 செ.மீ. விரித்தால், இடுப்புக்கு 20 செ.மீ. கீழே மொத்தச் சுற்றளவு 95 செ.மீ. கூட வராது, 102 செ.மீ. பிட்டம் அதற்குள் நுழையாது. இடுப்பிலிருந்து பிட்டம் வரை தையலை வெளிப்பக்கம் வளைத்து, அதன் கீழே நேராக்க வேண்டும்.

5. பாவும் ஊடையும் திரும்பும் திசை

நான் தொழில் தொடங்கிய நாளில், மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை வந்தது. பாவாடையைக் கரை அடியில் வரும்படி வெட்டினேன்; மேலுடலை, வழக்கமாகத் துணி வெட்டுவதுபோல் நீளவாக்கில் வெட்டினேன். தைத்து முடித்து ஆளுயரக் கண்ணாடிமுன் நிறுத்தியபோது பாவாடை நீலமாகவும் மேலுடல் பச்சையாகவும் தெரிந்தன. இரண்டும் ஒரே சேலை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த வாடிக்கையாளரின் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

காரணம் எளிது. பாவு ஒரு நிறமும், குறுக்கு இழையான ஊடை வேறு நிறமுமாக நெய்த பட்டில், ஒளி படும் திசையைப் பொறுத்து ஒரு நிறம் மேலோங்கும். துணியைக் கால் வட்டம் திருப்பினால் மற்ற நிறம் மேலோங்கும். ஆகவே பாவாடையில் ஊடை இழை செங்குத்தாக நின்றால் மேலுடலிலும் கையிலும் அதுவே செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரே நிறப் பட்டிலும் பளபளப்பு மாறுவதால், எல்லாச் சேலைக்கும் இதையே விதியாகக் கொள்ளுங்கள்.

6. அளவு எடுத்தல்

நம்மிடம் வருகிறவர்கள் அளவு ரவிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். கவுனுக்கு அது போதாது, சில இடங்களில் தவறான வழியும் காட்டும். ரவிக்கை உடம்போடு இறுகித் தைக்கப்படுவது. மார்புக்குக் கீழே முடிந்துவிடுவது. கை தூக்கும்போது மேலே ஏறினாலும் சேலை அதை மறைத்துவிடும். கவுனிலோ மேலுடலும் பாவாடையும் இடுப்பில் ஒன்றாகத் தைக்கப்படுகின்றன. ரவிக்கையின் வெட்டையே 10 செ.மீ. நீட்டி இடுப்புவரை கொண்டுவந்தால், கை தூக்கும்போது முழுப் பாவாடையும் மேலே இழுபடும். உட்கார்ந்தால் முதுகுத் தையல் விரிசல் விடும்.

ஆகவே உடம்பின் மீதே அளவெடுங்கள். இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டி, அவரைப் பக்கவாட்டில் சாய்ந்து நிமிரச் சொன்னால் நாடா தானே இயற்கையான இடுப்பில் போய் நிற்கும். அங்கிருந்து பின்கழுத்து எலும்புவரை முதுகு நீளம், தோளின் கழுத்து முனையிலிருந்து மார்பு முனை வழியாக இடுப்பு நாடா வரை முன்நீளம், மார்பு முனைகளுக்கு இடையிலான தூரம், முதுகின் குறுக்களவு, கை மடக்கிய நிலையில் மேற்கைச் சுற்றளவு. மார்பளவுக்கு 5 செ.மீ., இடுப்புக்கு 2 செ.மீ. அசைவுத் தளர்வு சேர்க்கிறேன். சரிகையுள்ள பட்டு சற்றும் இழுபடாது என்பதால் இதற்குக் குறைய விடுவதில்லை.

அளவெடுக்கும் நாளில் அவர் கவுனோடு அணியப்போகும் உள்ளாடையும் காலணியும் அணிந்திருக்க வேண்டும். மார்பு முனையின் உயரம் உள்ளாடைக்கு ஏற்ப மாறும். டார்ட், அதாவது உடலின் வளைவுக்காகத் துணியைக் கூராகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு, தவறான இடத்தில் முடிந்தால் பிறகு பட்டில் அதைத் திருத்த முடியாது.

7. காடா துணியில் முன்னோட்டம்

பட்டில் பிரித்துத் தைக்க முடியாது. பழைய துளை போகாது. எல்லாத் திருத்தங்களையும் காடா துணியிலேயே முடித்துவிட வேண்டும். மேலுடலை முழுமையாகவும் பாவாடையை மடிப்பு எடுத்தும் தைத்து, அணியச் சொல்லுங்கள். நிற்க, உட்கார, இரு கையையும் முன்னால் நீட்ட, தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள். விருந்தில் ஆடப்போகிறவர் என்றால் ஆடிக் காட்டவும் கேட்கலாம்.

மேலுடலை டார்ட் வைத்து வெட்டுவதா, பிரின்சஸ் கட்டில் வெட்டுவதா என்பதையும் இங்கேதான் தீர்மானிக்கிறேன். டார்ட்டுக்குப் பதிலாக மேலிருந்து இடுப்புவரை நீளும் தையல்களால் வடிவம் தரும் பிரின்சஸ் கட் உடலுக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் பெரிய புட்டாக்களை நடுவே பிளந்துவிடும். புட்டா அடர்ந்த சேலைக்கு இடுப்பு டார்ட்டும் பக்க டார்ட்டும் போதும்; உடல் வெறுமையாக, கரை மட்டும் கனமாக உள்ள சேலைக்குப் பிரின்சஸ் கட். காடா துணியின் மேல் புட்டாவின் அளவில் தாள் துண்டுகளைக் குத்திப் பார்த்தால், மார்பு முனையில் புட்டா வந்து நிற்கிறதா என்பது முன்பே தெரிந்துவிடும். அப்படி வந்தால், பட்டில் வெட்டுத் தாளை வைக்கும் இடத்தைச் சற்று நகர்த்துங்கள்.

8. முந்தியைப் பற்றி

முதல் கவுனிலேயே முந்தியை வெட்டாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. சரிகை அடர்ந்த முந்தி அட்டைபோல் விறைப்பானது. அதில் டார்ட் எடுத்தால் முனையில் குமிழ் நிற்கும், மடிப்பில் சரிகை ஒடியும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வளைவே இல்லாத பகுதிக்கு வையுங்கள்: முன்திறந்த கையில்லாக் கோட்டின் முதுகு, அல்லது தோளில் இருந்து நேராக இறங்கும் ஒரு பட்டை. வெட்டாமல் விட்டால், ஓரம் மடித்துத் தோளில் போடும் துண்டாக அம்மாவின் முந்தி அப்படியே கவுனோடு வரும். என்னிடம் வந்தவர்களில் பலர் இதையே விரும்பியிருக்கிறார்கள்.

9. வெட்டுதல்

வரைபடத்தில் முதலில் பாவாடைக்கு 240 செ.மீ. ஒதுக்குங்கள், நைந்த மடிப்புகள் உள்மடிப்பில் விழும்படி தொடக்கப் புள்ளியை நகர்த்துங்கள். மேலுடலின் முன் துண்டும் இரு பின் துண்டுகளும் இரு கரைகளுக்கும் இடையே அருகருகே வைத்தால் 125 செ.மீ. அளவில் அடங்கும். கைகளை, பாவாடைக்கு மேலே மிஞ்சிய பட்டையிலிருந்து, மேல்கரை கையின் முனையில் வரும்படி எடுங்கள். அந்தப் பட்டை தலைகீழாகத் திரும்புவதால், புட்டாவுக்குத் தலைப்பக்கம் இருந்தால் கையில் அது கவிழ்ந்து நிற்கும்; அப்போது ரவிக்கைத் துண்டைப் பயன்படுத்தலாம். கரை வைத்த கையின் முனை நேராகவே இருக்க வேண்டும். மணி போல் விரியும் கை கேட்டால், பாவாடைக்குச் சொன்ன காரணமே இங்கும் பொருந்தும்.

மெழுகுச் சாக்பீஸ் பட்டில் எண்ணெய்க் கறையாக இறங்கும். நூலால் தளர்வாகக் குறியிடுங்கள். குண்டூசியைத் தையல் விளிம்புக்குள் மட்டும் குத்துங்கள். கரையின் குறுக்கே வெட்டும் இடத்தில், வெட்டுக்கோட்டின் இருபுறமும் 5 மி.மீ. தள்ளி ஒரு நேர்த்தையல் ஓட்டிவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் சரிகை இழைகள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும்.

பக்கத் தையலின் விளிம்பு மேற்கத்திய முறையில் 1.5 செ.மீ.; நம் ரவிக்கைகளில் உள்ளே கூடுதல் துணி விட்டுத் தைப்போம். இங்கே நம் வழக்கமே மேல். பக்கத் தையலுக்கும் பின் நடுவுக்கும் 2.5 செ.மீ. விடுங்கள். பழைய பட்டில் விளிம்பு குறைந்தால் இழை விலகித் தையல் பிரியும். கூடுதலாக இருந்தால் சில வருடம் கழித்து உடம்பு மாறும்போது தளர்த்தியும் கொடுக்கலாம். கழுத்துக்கும் கைக்குழிக்கும் 1 செ.மீ. போதும், வளைவில் அதிக விளிம்பு இருந்தால் திரும்பாது.

10. தைக்கும் வரிசை

வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும். முதலில் மேலுடலின் ஒவ்வொரு பட்டுத் துண்டின் உட்புறமும் மல் துணியை வைத்து, தையல் விளிம்புக்குள் கையால் ஓட்டித் தையுங்கள். பிறகு இரண்டையும் ஒரே துணியாகவே கொள்ளுங்கள். இறுக்கத்தை மல் துணி தாங்கும், பட்டு மேலே இளைப்பாறும். கழுத்து வளைவில் உடனே ஒரு நேர்த்தையல் ஓட்டி, அது விரிந்துபோகாமல் நிறுத்துங்கள்.

அடுத்து டார்ட்கள், தோள், பக்கம், கை என்ற வரிசையில் மேலுடலை முடியுங்கள். கனமான பட்டுக்கு 75-ஆம் எண் ஊசி, மெல்லியதற்கு 70. தையல் நீளம் 2.5 மி.மீ. சரிகை ஊசி முனையை விரைவில் மழுக்கிவிடும். ‘டக் டக்’ என்று ஒலி கேட்டாலோ இழை இழுபட்டாலோ ஊசியை மாற்றுங்கள். ஒரு கவுனுக்கு மூன்று ஊசி செலவானால் அது வீண் செலவன்று.

பாவாடையில் மடிப்புகளை இடுப்பில் மட்டுமன்றி அடிவிளிம்பிலும் கையால் கட்டி ஓட்டிவிட்டு, பிறகு இஸ்திரி போடுங்கள். கீழே கட்டாவிட்டால் கரை ஏறி இறங்கி நிற்கும். வயிறு தட்டையாகத் தெரியட்டும் என்று மடிப்புகளை இடுப்பிலிருந்து நெடுந்தூரம் இறக்கித் தைக்கும் ஆசை வரும்; உடல் அங்கே விரியத் தொடங்கிவிடுவதால் 4 செ.மீ.-க்கு மேல் தைத்தால் மடிப்பு வாய்பிளக்கும்.

பிறகு மேலுடலையும் பாவாடையையும் இடுப்பில் இணைத்து, ஜிப்பைப் பின் நடுவில் பொருத்துங்கள். கழுத்திலிருந்து இடுப்புவரை 38, இடுப்புக்குக் கீழே 18. ஆக 56 செ.மீ. அதற்கும் கீழுள்ள தையலைக் கடைசியில் மூட வேண்டும். ஜிப்புக்கு முன்பே அதை மூடிவிட்டால், ஜிப் முடியும் இடத்தில் ஒரு சுருக்கம் நிரந்தரமாக நின்றுவிடும்.

உள்துணி தனியாகத் தைக்கப்படுகிறது. மேலுடல் பட்டின் அதே வெட்டு. பாவாடை மட்டும் மடிப்பில்லாமல் ‘ஏ’ வடிவம். வெளியே கரைக்காக விட்டுக்கொடுத்த வளைவை உள்ளே தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இடுப்பில் கனமும் குறையும். நீளம் பட்டைவிட 3 செ.மீ. குறைவாக இருக்கட்டும். கழுத்திலும் கைக்குழியிலும் உள்துணி விளிம்புவரை வர வேண்டும், ஏனென்றால் சரிகையின் முனை தோலில் உரசினால் ஒரு மணி நேரத்தில் சிவந்துவிடும். கரையின் பின்புறம் சரிகை இழைகள் மிதந்து கிடக்கும் சேலைகளில், கொலுசும் காலணியின் வாரும் அவற்றைப் பிடித்து இழுக்காதபடி மெல்லிய மல் பட்டை ஒன்றைக் கையால் தைத்து மூடுங்கள்.

11. இஸ்திரி

ஒவ்வொரு தையலும் அடுத்த தையல் அதைக் குறுக்கே கடக்கும் முன் இஸ்திரி காண வேண்டும். உட்புறத்தில், பட்டுக்குரிய சூட்டில், மேலே பருத்தித் துண்டை விரித்து, இழுக்காமல் அழுத்தித் தூக்குங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், ஒரு துளி விழுந்தாலும் வட்டக் கறை நிற்கும். கழுத்துக்கு ஒட்டும் வகைக் கேன்வாஸ் வைப்பதாக இருந்தால் அதைப் பட்டில் ஒட்டாமல், கழுத்து விளிம்பின் உள்ளே திருப்பித் தைக்கும் உட்பட்டியில் ஒட்டுங்கள்.

12. கடைசிப் பொருத்தமும் ஒப்படைப்பும்

உள்துணியை ஜிப்போடு கையால் இணைப்பதற்கு முன் ஒரு முறை அணியவைத்துப் பாருங்கள். அடிவிளிம்பு தரையிலிருந்து சுற்றிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அளவுகோலால் பார்க்க வேண்டும். பின்பக்கம் ஏறியிருந்தால் குறை அடியில் இல்லை, இடுப்புத் தையலில்தான். அங்கே பின்புற விளிம்பிலிருந்து சற்று விட்டுக்கொடுத்து மீண்டும் தையுங்கள். அதற்காகவே அங்கே 2.5 செ.மீ. விட்டோம்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இரண்டு பொருத்தங்களுக்கு நேரமில்லை என்று காடா துணிப் படியைத் தவிர்க்கும்படி கேட்பார்கள். அந்த வேலையை நான் ஏற்பதில்லை. தீபாவளி கழிந்து தைத்துத் தருவதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒப்படைக்கும்போது மூன்று செய்திகளை எழுதியே கொடுக்கிறேன். வாசனைத் திரவியத்தை அணிவதற்கு முன்பே உடம்பில் தடவி உலரவிட வேண்டும். கவுன் மீது தெளித்தால் சரிகை கறுக்கும். கழற்றியதும் அலமாரிக்குள் வைக்காமல் ஓர் இரவு மின்விசிறிக் காற்றில் தொங்கவிட வேண்டும். கனமான கரை பாவாடையைக் கீழே இழுக்கும் என்பதால் நாள்கணக்கில் மாட்டி வைக்காமல், பருத்தித் துணியில் சுற்றி, பாச்சை உருண்டை படாமல் படுக்கையாக வைக்க வேண்டும். மீந்த பட்டுத் துண்டுகளையும் அதே துணிக்குள் சுற்றிக் கொடுத்துவிடுங்கள். பின்னாளில் தளர்த்தவோ ஒட்டுப்போடவோ அதே வயதுள்ள அதே பட்டுதான் பொருந்தும்.